தண்ணீரும் உப்பும்: ரோத் நகரில் ஒரு நீண்ட நாள்



ஞாயிறு காலை நிகழ்ச்சியில் என்னை இருபது நிமிடம் பேச விட்டார்கள். பேச்சு முடிந்தபின் நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிப்பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்களாம்: "இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்த வேலை?" மற்றப் பாதிப்பேர் கேட்டது: "தண்ணி கூடக் குடிச்சாலும் ஆபத்தோ?" முதற் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இரண்டாவதற்கு இருக்கிறது. ஆனால் வானொலியில் அதற்குள் நேரம் முடிந்து செய்தி வந்துவிட்டது. ஆகவே ஆசிரியர் கேட்டுக்கொண்டபடி இங்கே எழுதுகிறேன்.

முதலில், ட்ரையத்லன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளியில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் போட்டி இது. பல அளவுகளில் நடக்கும். ஒலிம்பிக்கில் நடப்பது சின்னது. வல்லவர்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவார்கள். நான் சொல்லப்போவது நீண்டதூரப் போட்டி: 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், பிறகு முழு மரதன், அதாவது 42.2 கிலோமீற்றர் ஓட்டம். இந்த விசித்திரமான கணக்கு வந்த கதை சுவையானது. ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜோன் கொலின்ஸும் மனைவி ஜூடியும், நீச்சல்காரன் பலசாலியா, சைக்கிள்காரனா, ஓட்டக்காரனா என்ற வாக்குவாதத்துக்கு முடிவுகாண, அந்தத் தீவில் ஏற்கனவே நடந்துவந்த மூன்று போட்டிகளை ஒரே நாளில் கோத்துவிட்டார்கள். 1978 பெப்ரவரி 18ஆம் திகதி 15 பேர் தொடங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலாவதாக வந்த கோர்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 செக்கன் பிடித்தது. இரண்டாவதாக வந்தவருக்குத் துணைக்குப் போனவர்களிடம் தண்ணீர் முடிந்துபோக, பியரைக் குடிக்கக் கொடுத்தார்களாம். தண்ணீர்க் கதை அன்றே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போனது ஹவாய்க்கு அல்ல. அங்கே உலகப் போட்டி நடக்கிறது. தகுதி பெற்றவர்கள்தான் போகலாம். நான் போனது ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில், நூரம்பேர்க் நகருக்குத் தெற்கே இருக்கும் ரோத் என்ற ஊருக்கு. ஏறக்குறைய இருபத்தையாயிரம் பேர் வாழும் சிறிய நகரம். அங்கே 1984இலிருந்து ட்ரையத்லன் நடக்கிறது. 1988 முதல் 2001 வரை 'அயன்மேன் யூரோப்' என்ற பெயரிலும், 2002இலிருந்து 'சலஞ்ச் ரோத்' என்ற பெயரிலும். இணையத்தில் பதிவு திறந்தால் சில நிமிடங்களுக்குள் இடங்கள் முடிந்துவிடும். மெல்பேர்ணில் இரவு விழித்திருந்து, மகனையும் மகளையும் ஆளுக்கொரு கணினியில் இருத்தி, எனக்கு ஒரு இடம் பிடித்தோம். பிடித்தது மகள்.

நான் விளையாட்டு வீரன் அல்ல. கணக்காளர் வேலை, நாள் முழுவதும் கதிரை. அப்பா 54 வயதில் மாரடைப்பால் போனவர். 2019இல், எனக்கு 44 வயதில், குடும்ப வைத்தியர் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, சலரோகத்தின் வாசலில் நிற்கிறீர்கள் என்றார். எங்கள் ஆட்களில் இதைக் கேட்காத வீடு எது? எல்லோரையும் போல நானும் சோற்றைக் குறைக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குறைக்காமல் இருந்தேன். பிறகு 2020இல் கொரோனா வந்து மெல்பேர்ணை அடைத்தார்கள். வீட்டிலிருந்து 5 கிலோமீற்றருக்குள், நாளுக்கு ஒரு மணித்தியாலம் உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்று சட்டம். அந்த ஒரு மணித்தியாலத்தை வீணாக்கினால் நட்டம் என்ற கணக்காளர் புத்தியில்தான் நடக்க வெளிக்கிட்டேன். நடை ஓட்டமானது. ஓட்டத்தில் முழங்கால் நொந்தபோது சைக்கிள் வந்தது. நீச்சல் மட்டும் வரவில்லை.

நீச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் பிரச்சினை வந்தது அதில்தான். சிறுவயதில் கீரிமலைக் கேணியில் விழுந்தெழும்பினதைத் தவிர எனக்குத் தண்ணீரில் அனுபவம் இல்லை. 46 வயதில் நகரசபை நீச்சல் தடாகத்தில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பாதையில், பலகையைப் பிடித்துக்கொண்டு காலடிக்கப் பழகினேன். காலை வேகமாக அடித்தால் முன்னால் போகலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் தண்ணீர் காற்றைவிட எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. அதில் பலத்தைக் கூட்டுவதைவிடத் தடையைக் குறைப்பதில்தான் இலாபம். தலையைத் தூக்கினால் கால் தாழும். கால் தாழ்ந்தால் உடம்பு முழுவதும் பிரேக் போடும். தலையைத் தாழ்த்தி, மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே மெதுவாக விட்டு, பக்கவாட்டில் திரும்பிக் காற்றை எடுக்கவேண்டும். சொல்ல இவ்வளவுதான். எனக்கு அது பிடிபட எட்டு மாதம்.

அம்மாவுக்கு இது தெரியவந்த நாள் வீட்டில் பெரிய அமளி. அவ எங்களோடுதான் இருக்கிறா. அவ கேட்ட முதற் கேள்வி, "ஆனந்தனுக்கு என்ன நடந்தது எண்டு உனக்குத் தெரியாதோ?"

இளைய நேயர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்குநீரிணையை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும், அங்கிருந்து திரும்ப இலங்கைக்கும் 51 மணித்தியாலத்தில் நீந்திக் கடந்தவர். கின்னஸ் புத்தகத்தில் பல சாதனைகள் அவர் பெயரில் பதிவாகின. 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தது ஞாபகம் இருக்கிறது. அம்மாவுக்கு நீச்சல் என்றால் அந்தப் பத்திரிகைதான்.

அவ சொன்னதை நான் பழைய காலத்துப் பயம் என்று தட்டிவிட்டேன். பிறகு வாசித்துப் பார்த்தபோது அவவின் பக்கமும் நியாயம் இருந்தது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லன் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும் இதயம் திடீரென நின்றுபோன சம்பவங்களையும் தொகுத்து 2017இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. 135 பேரில் 90 பேருக்கு அது நீச்சலின்போதுதான் நடந்திருக்கிறது. அதிலும் நடுத்தர வயது ஆண்கள்தான் கூட. குளிர்ந்த நீர், சனநெரிசல், பதற்றம், முன்பே தெரியாமல் இருந்த இதயக் கோளாறு எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. ஆகவே பதிவுக் காசு கட்டுவதற்கு முன் இதய வைத்தியரிடம் போனேன். ஓடும் இயந்திரத்தில் ஓடவிட்டு இதயத்துடிப்பைப் பார்த்தார்கள். பரவாயில்லை என்று எழுதித் தந்த கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வைத்தியன் கரையிலதானே நிப்பான்" என்றா.

பயிற்சியைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். கிழமைக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம், ஒன்பது மாதம். சனிக்கிழமைகளில் விடிய முன்னம் பீச் ரோட் வழியாக நீண்ட சைக்கிள் ஓட்டம், மாதத்தில் ஒருநாள் டண்டினோங் மலை. கலியாணவீடுகளுக்குப் பிந்தினேன், இரண்டு பூப்புனித நீராட்டு விழாக்களுக்குப் போகவே இல்லை. மனைவி பொறுத்துக்கொண்டா என்பதைவிடக் கணக்கு வைத்துக்கொண்டா என்பதுதான் சரி. ஆனால் ஒரு விடயத்தை மட்டும் கவனிக்கத் தவறினேன். போட்டி ஜூன் மாதம். அங்கே கோடை, இங்கே குளிர். என் கடைசி மூன்று மாதப் பயிற்சி முழுவதும் ஆறு, எட்டுப் பாகைக் குளிரில், கையுறையோடு நடந்தது.

யாழ்ப்பாணத்து வெயிலில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஜேர்மன் வெயில் என்ன செய்யும் என்று நினைத்தேன். இது பிழை. உடம்பு வெப்பத்துக்குப் பழகுவது பிறந்த ஊரைப் பொறுத்ததல்ல, கடந்த இரண்டு கிழமையைப் பொறுத்தது. வெயிலில் ஏழு முதல் பதினான்கு நாள் உடலை வருத்தினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது, அந்த வியர்வையில் உப்புக் குறைகிறது, அதே வேகத்தில் இதயம் மெதுவாக அடிக்கிறது. வெயிலை விட்டுச் சில கிழமை விலகினால் இவை எல்லாம் போய்விடும். நாற்பது வருடத்துக்கு முந்திய சுன்னாகத்து வெயில் என் உடம்பில் எங்கும் சேமிப்பில் இல்லை.

நூரம்பேர்க்கில் பெரியம்மாவின் மகன் இருக்கிறார். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். 1985இல் கிழக்கு பேர்லின் வழியாக வந்தவர்களில் ஒருவர். அந்தக் காலத்தில் அகதி விண்ணப்பம் போட்டவர்கள் தங்களுக்குக் குறித்த மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக்கூடாது என்று சட்டம். போட்டிக்கு இரண்டு நாள் முன் சைக்கிள் பாதையைக் காரில் காட்டிக்கொண்டு போனார். ஒரு இடத்தில் வயலுக்கு நடுவே காரை நிற்பாட்டி, "இதில ஒரு மாவட்டம் முடியுது. உன்ரை சைக்கிள் நிக்காமல் போகும், என்ன?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எங்களை 5 கிலோமீற்றருக்குள் அடைத்து வைத்தார்கள் என்று ஒரு வருடமாக நான் எல்லோருக்கும் சொல்லித் திரிந்ததை அவருக்குச் சொல்லவில்லை.

2023 ஜூன் 25, ஞாயிறு. ஹில்போல்ட்ஸ்டைன் என்ற ஊருக்குப் பக்கத்தில், மைன் ஆற்றையும் டனூப் ஆற்றையும் இணைக்கும் கால்வாயில்தான் நீச்சல். 1992இல் கட்டி முடித்த கால்வாய். வடகடலிலிருந்து கருங்கடல் வரை கப்பல் போகலாம். அன்றைக்குக் கப்பல்களை நிறுத்திவைத்து எங்களை விடுகிறார்கள். எல்லோரையும் ஒன்றாகத் தள்ளாமல், இருநூறு பேர் அளவில், சில நிமிட இடைவெளியில், பீரங்கி முழக்கி அனுப்புகிறார்கள். முதலில் காலை 6.30 அளவில் தொழில்முறை வீரர்கள். என் முறை 7.45க்கு. வெட்சூட் எனப்படும் ரப்பர் உடை போட்டிருந்தேன். அது குளிரைத் தடுப்பதோடு உடம்பை மிதக்கவும் வைக்கும். நீர் மிகவும் சூடாக இருந்தால் போட விடமாட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வழக்கமான எல்லை 24.5 பாகை.

பீரங்கி வெடித்ததும் ஒரு நிமிடத்துக்கு எனக்கு மூச்சு வரவில்லை. நெஞ்சு இறுகி, பார்வை ஒடுங்கி, அம்மா சொன்னது எல்லாம் காதுக்குள் கேட்டது. பயிற்றுநர் சொல்லித்தந்தபடி மல்லாந்து கிடந்தேன். ரப்பர் உடை தாழவிடாது. பாலத்தில் நின்ற சனம் யாருக்கோ கைதட்டியது. வானத்தைப் பார்த்து இருபது மூச்சு எண்ணினேன். பிறகு கவிழ்ந்து நீந்தினேன். கால்வாயில் அலை இல்லை, நீரோட்டம் இல்லை, கரையைப் பார்த்துக்கொண்டு போனால் வழி தவறாது. புதிதாக நீந்துபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒரு மணி 45 நிமிடத்தில் கரையேறினேன். அங்கே நின்ற ஒரு மூதாட்டி என்னை நிலத்தில் இருத்தி, கோழிக்கு இறகு பிடுங்குவது போல ஒரே இழுவையில் ரப்பர் உடையை உரித்து எடுத்தார். இப்படி உதவிக்கு நிற்பவர்கள் ஏழாயிரம் பேர் அளவில். சுற்றுவட்டார ஊர்களின் தீயணைப்புச் சங்கம், உதைபந்தாட்டக் கழகம் எல்லாம் இறங்கி வேலை செய்கின்றன. எங்கள் சங்கங்கள் ஒரு பொங்கல் விழாவுக்கு மண்டபம் கூட்ட ஆள் பிடிக்கிற பாட்டை நினைத்துக்கொண்டேன்.

சைக்கிள் பாதை இரண்டு சுற்று. வயல்கள், சிவப்பு ஓட்டுக் கிராமங்கள், கிரேடிங் என்ற ஊரில் வளைந்து வளைந்து ஏறும் ஒரு செங்குத்தான மலை. முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அவருடைய காற்று மறைவில் போவது குற்றம், தண்டனை உண்டு. எல்லோரும் தனித்தனியாகக் காற்றோடு மல்லுக்கட்டவேண்டும். பிறகு ஹில்போல்ட்ஸ்டைனில் சோலாரர் பேர்க் என்ற ஏற்றம். படங்களில் பார்த்திருந்தேன், நம்பவில்லை. ஆயிரக்கணக்கான சனம் தெருவை நிரப்பி நிற்கிறது. நாங்கள் போகப்போக ஒரு சைக்கிள் அகலத்துக்கு வழி விலகுகிறது, பின்னால் மூடிக்கொள்கிறது. நெஞ்சிலக்கத்தில் இருந்த என் பெயரை வாசிக்க முயன்று, நாலு எழுத்தோடு கைவிட்டு, அந்த நாலெழுத்தையே கத்துகிறார்கள். அந்த இரைச்சலுக்குள், "டேய் தம்பி, உழக்கடா!" என்று ஒரு குரல். அண்ணையும் பிள்ளைகளும்.

சாப்பாட்டுக் கணக்கு இந்தப் போட்டியின் பாதி. எங்கள் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கக்கூடிய மாச்சத்து ஏறக்குறைய 500 கிராம். அதாவது 2000 கலோரி. போட்டிக்குத் தேவை எண்ணாயிரம் அளவில். கொழுப்பு எல்லோரிடமும் தாராளமாக இருக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும், அதை எரிக்கவும் கொஞ்சம் மாச்சத்து வேண்டும். ஆகவே சைக்கிளில் இருக்கும்போதே மணித்தியாலத்துக்கு 60 கிராம் சீனிச்சத்து உள்ளே போகவேண்டும். குளுக்கோசும் புருக்டோசும் குடலில் வேறுவேறு வாசலால் உள்ளே போவதால், இரண்டையும் கலந்தால் 90 கிராம் வரை ஏற்றலாம். அதற்கென்று பசை போன்ற பைக்கற்றுகள் விற்கிறார்கள். அம்மா பயற்றம் உருண்டை செய்து பெட்டிக்குள் வைத்துவிட்டிருந்தா. பாசத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். கிரேடிங் ஏற்றத்தில் வாய்க்குள் போட்டதும் மாவு அண்ணத்தில் ஒட்டி, இருமி, கண்ணால் தண்ணீர் வந்து, பின்னால் வந்த ஒருவர் நிற்பாட்டி உதவி வேண்டுமா என்று கேட்டார். பயற்றம் உருண்டை தேநீரோடு வீட்டில் இருந்து சாப்பிடவேண்டிய பொருள்.

இனித் தண்ணீர்.

பத்து மணிக்குமேல் வெயில் ஏறியது. எனக்கு இருந்த ஒரே பயம் நீரிழப்பு. ஒவ்வொரு உதவி நிலையத்திலும் ஒரு போத்தல் வாங்கி, அடுத்த நிலையத்துக்குள் முடித்தேன். ஏழு மணித்தியாலத்தில் ஏழு லீற்றருக்கு மேல். தாகம் இருக்கவில்லை. "தாகம் வந்தபின் குடித்தால் பிந்திவிட்டது" என்று எங்கோ கேட்டதை வேதவாக்காக வைத்திருந்தேன். உப்புக் குளிசைகள் வைத்திருந்த சின்ன டப்பா முதற் சுற்றிலேயே ஒரு குழியில் குலுங்கி விழுந்துவிட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். 7 மணி 5 நிமிடத்தில் சைக்கிளை ஒப்படைத்தபோது மோதிரம் விரலை இறுக்கியது. வெயிலுக்கு வீங்குகிறது என்று நினைத்தேன். ஏழு மணித்தியாலமாக ஒருமுறைகூடச் சிறுநீர் கழிக்கவில்லை. அதையும் நீரிழப்பின் அறிகுறி என்று எடுத்து, ஓட்டத்தில் இன்னும் குடித்தேன். ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு கோப்பை பச்சைத்தண்ணீர்.

22ஆம் கிலோமீற்றரில், கால்வாய்க் கரையில், வயிற்றைப் பிரட்டியது. தலையிடி. வயிறு மேளம் போல. வாந்தி எடுத்தேன், வந்தது வெறும் தண்ணீர். முன்னால் போகிறவருடைய இலக்கத்தை வாசிக்க முயன்றேன், இலக்கங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. முதலுதவிக் கூடாரத்தில் இருந்த வைத்தியர் பெண் எனக்குத் தண்ணீர் தருவா என்று நினைத்தேன். அவ என் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்துவிட்டா. கேட்ட கேள்விகள் நான்கு. எவ்வளவு குடித்தாய்? கடைசியாக எப்போது சிறுநீர் போனது? மோதிரம் வழமையாக இப்படித்தானா? இன்று என்ன கிழமை?

கிழமையைச் சரியாகச் சொன்னேன். இல்லாவிட்டால் அங்கேயே முடிந்திருக்கும்.

அவ விளங்கப்படுத்தியதையும், பிறகு நான் வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். இரத்தத்தில் சோடியம் ஒரு குறிப்பிட்ட செறிவில் இருக்கவேண்டும். வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன. வெளியே போவதைவிடக் கூடுதலாக வெறும் தண்ணீரை உள்ளே விட்டால், சாம்பாரில் தண்ணீர் ஊற்றியது போல உப்பு ஐதாகிவிடும். சாதாரண நாளில் சிறுநீரகம் மிச்சத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஆனால் நீண்ட நேரம் உடலை வருத்தும்போது மூளையிலிருந்து ஒரு சுரப்பு வந்து, "தண்ணீரை விடாதே, பிடித்து வை" என்று சிறுநீரகத்துக்குக் கட்டளை போடுகிறது. அதனால்தான் சிறுநீர் போகவில்லை. அது வறட்சி அல்ல, வெள்ளம். ஐதான இரத்தத்திலிருந்து நீர் கலங்களுக்குள் புகுகிறது. விரல் வீங்கினால் மோதிரம் இறுகும், அவ்வளவுதான். மூளை வீங்கினால் மண்டையோட்டுக்குள் விரிய இடம் இல்லை. தலையிடி, வாந்தி, குழப்பம், வலிப்பு, மரணம் என்று அது போகும். 2015இல் ஃபிராங்க்பேர்ட்டில் நடந்த இதே தூரப் போட்டிக்குப்பின் ஒரு இளம் வீரர் இப்படி இறந்திருக்கிறார். 2002 பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005இல் வெளிவந்தது: 13 வீதமானோருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வேகமாக ஓடியவர்களைவிட, என்னைப் போல ஆறுதலாக ஓடி நெடுநேரம் குடித்துக்கொண்டே போனவர்கள்தான் கூடுதலாக அகப்பட்டார்கள். ஓடி முடித்தபோது நிறை கூடியிருந்ததுதான் முக்கிய அடையாளம்.

விளையாட்டுப் பானம் குடித்தால் தப்பலாமா என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். அதில் உள்ள உப்பு இரத்தத்தில் உள்ளதைவிட மிகக் குறைவு. அளவுக்கு மிஞ்சினால் அதுவும் ஐதாக்கும். உப்புக் குளிசையும் அப்படித்தான். குடிக்கும் அளவைத் திருத்தாமல் குளிசையை மட்டும் நம்பக்கூடாது. இந்தத் துறை வைத்தியர்கள் இப்போது சொல்வது, தாகத்தைக் கேட்டுக் குடியுங்கள் என்பதுதான். இது நீண்டநேர உடற்பயிற்சிக்கு. சிறுநீரகக் கல் உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும் தங்கள் வைத்தியரைக் கேட்கவேண்டும். ஒருவர் ஓடி விழுந்து குழப்பமாகக் கதைத்தால், பக்கத்தில் நிற்பவர்கள் வாய்க்குள் தண்ணீர் ஊற்றப் பார்ப்போம். அதைச் செய்யாமல் அம்புலன்சைக் கூப்பிடுங்கள். கடுமையான நிலையில் கொடுப்பது சாதாரண சேலைன் அல்ல. செறிவான உப்புநீர், அதுவும் வைத்தியர் கையால்.

எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. நல்ல உப்பான சூப் கொஞ்சம் தந்து இருபத்தைந்து நிமிடம் இருத்தி வைத்தா. பிறகு கூடாரத்துக்குப் பின்னால் போய் நெடுநேரம் சிறுநீர் கழித்தேன். அதைக் கேட்டு அந்த வைத்தியர் கைதட்டினா. என் வாழ்க்கையில் அதற்காகக் கைதட்டு வாங்கியது அன்றுதான், ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது நடந்ததைத் தவிர. இன்னொருமுறை கேள்விகள் கேட்டு, ஓடாதே, நட, தாகம் வந்தால் மட்டும் ஒரு வாய் குடி, தலையிடித்தால் அடுத்த கூடாரத்தில் நின்றுவிடு என்று சொல்லி விட்டா.

இருபது கிலோமீற்றர் இருந்தது. ஹவாயில் 17 மணித்தியாலம் தருவார்கள், ரோத்தில் அதைவிடக் குறைவு. ஆகவே நடந்தேன், கொஞ்சம் மெதுவாக ஓடினேன், பிறகு நடந்தேன். பியூகன்பாக் கிராமத்தில் வீட்டு வாசல்களில் மேசை போட்டுப் பியர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். இருட்டிவிட்டது. அன்று அதே பாதையில் டென்மார்க்கின் மக்னஸ் டிட்லேவ் 7 மணி 24 நிமிடம் 40 செக்கனிலும், சுவிற்சர்லாந்தின் டானியேலா ரீஃப் 8 மணி 8 நிமிடம் 21 செக்கனிலும் ஓடி முடித்து, இந்தத் தூரத்துக்கு அதுவரை இருந்த மிகச்சிறந்த நேரங்கள் இரண்டையும் முறியடித்திருந்தார்கள். (அடுத்த வருடம் அதே ரோத்தில் இரண்டும் திரும்ப முறிந்தன.) டிட்லேவ் முடித்த நேரத்தில் நான் இரண்டாம் சுற்றுச் சைக்கிளில் தேவையில்லாத தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு எரியும் அந்தத் தற்காலிக அரங்கத்துக்குள் நான் வந்தபோது இரவு 10.32. மொத்தம் 14 மணி 47 நிமிடம். கடைசியாக வருபவர்களை வரவேற்கவென்று ஆயிரக்கணக்கானோர் அந்த நேரத்திலும் இருக்கிறார்கள். பகலில் வென்றவர்களும் திரும்பி வந்து நிற்பது அங்கே வழக்கம். அண்ணை என் கழுத்தில் கிடந்த பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரியம்மாவுக்கு எடு" என்று தன் தொலைபேசியைத் தந்தார். என் அம்மா அவருக்குச் சித்தி. ஆனாலும் குழப்பத்தில் அப்படிச் சொன்னார், அவரும் களைத்துப்போய்த்தான் இருந்தார்.

மெல்பேர்ணில் திங்கள் காலை ஆறரை. அம்மா சாமி விளக்கு ஏற்றிவிட்டு இருந்தா. முடித்துவிட்டேன் என்றேன். சுகமாக இருக்கிறேன் என்றேன். கூடாரத்துக் கதையைச் சொல்லவில்லை. அதை அவ இந்த வானொலியில்தான் கேட்டறிந்தா, அது வேறு பிரச்சினை.

"தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் நிண்டனி?"

"ஒண்டே முக்கால் மணித்தியாலம் அம்மா."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"அவ்வளவுதானோ? ஆனந்தன் அம்பத்தொரு மணித்தியாலமெல்லே நீந்தினவர்."